சமையலறையும் லங்காட் ஆறும்

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் பல வாரங்களாக நல்ல மழை பெய்யவில்லை. லங்காட் ஆற்றின் நீர்மட்டம் இறங்கியது. நீர் குறையக் குறைய, அதில் கலந்திருந்த அம்மோனியாவின் அளவு கூடியது. டெங்கில் வட்டாரத்தில் உள்ள புக்கிட் தம்போய் நீர் சுத்திகரிப்பு நிலையமும், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள செராஸ் 11ஆவது மைல் நிலையமும் நிறுத்தப்பட்டன. பல குடும்பங்கள் வாளிகளையும் தோம்புகளையும் வாசலில் அடுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆறு வற்றிவிடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நீரைக் குடிநீராக மாற்ற முடியவில்லை என்பதே சிக்கல்.

ஏன் முடியவில்லை என்பதை அறிய, சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றுநீரில் முதலில் படிகாரம் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். மிதக்கும் சேற்றுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கனத்து, அடியில் படிகின்றன. தெளிந்த நீரை மணற்படுகையின் வழியே வடிகட்டுகிறார்கள். இறுதியில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. சேற்றையும் கிருமிகளையும் நீக்க இந்த முறை போதும். ஆனால், அம்மோனியா நீரில் கரைந்து கிடப்பது. படிகாரம் போட்டாலும் அது அடியில் படியாது, மணலிலும் சிக்காது. குளோரினைச் சேர்க்கும்போது அம்மோனியா அதனோடு வினைபுரிந்து அதைத் தீர்த்துவிடும். கிருமிகளைக் கொல்லப் போதுமான குளோரின் மிஞ்சாது. ஆகவே, ஆற்றுநீரில் அம்மோனியாவின் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மனிதக் கழிவு, கால்நடைக் கழிவு, மழையில் கரைந்தோடும் உரம், குப்பைமேடுகளிலிருந்து கசியும் கறுப்பு நீர், அழுகும் உணவு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. இவற்றுள் சில நம் கைக்கு எட்டாதவை. சில நம் சமையலறையிலேயே தொடங்குகின்றன.

லங்காட் ஆற்றின் பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். உலு லங்காட்டில் நுவாங் மலைப்பகுதியில் தோன்றுகிறது. காஜாங், பாங்கி ஆகிய ஊர்களின் பக்கமாக வந்து டெங்கிலை அடைகிறது. வழியில் செமினி ஆறு அதனோடு சேர்கிறது. பிறகு பந்திங் வட்டாரத்தைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. டெங்கில் இந்தப் பாதையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. காஜாங்கில் ஒருவர் கால்வாயில் கொட்டியது டெங்கிலுக்கு வரும். டெங்கிலில் நாம் கொட்டுவது பந்திங்கிற்குப் போகும். அதோடு, புக்கிட் தம்போய் நிலையம் லங்காட் ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறது. செமினி ஆற்று நிலையத்திற்கான நீரை டெங்கிலை அடுத்த ஜெண்டராம் ஈலிரில் எடுக்கிறார்கள். கழிவு வந்து சேரும் பகுதியிலேயே குடிநீரும் எடுக்கப்படுகிறது. 2016இலும் 2020இலும் செமினி ஆற்றில் துர்நாற்றம் வீசியதால் அந்த நிலையத்தை நிறுத்த வேண்டி வந்தது. 2020 அக்டோபரில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்கு நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது.

இனி, வீட்டுக்குள் வருவோம். தீபாவளிக்கு முந்திய வாரம். முறுக்கும் அதிரசமும் சுட்டு முடித்தாயிற்று. வாணலியில் கறுத்துப்போன எண்ணெய் கிடக்கிறது. கை தானாகவே கழுவுதொட்டியை நோக்கிப் போகும். கொதிநீரும் சவர்க்காரமும் சேர்த்து ஊற்றினால் எண்ணெய் கரைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது கரைவதில்லை. சவர்க்காரம் எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரித்துச் சற்றுத் தூரம் சுமந்து செல்லும், அவ்வளவுதான். குழாயில் நீர் குளிர்ந்ததும் துளிகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து, சுவரில் ஒட்டி, மெழுகுபோல் இறுகும். உணவுத் துகள்கள் அதில் மாட்டிக்கொள்ளும். அடைப்பு அப்படித்தான் உருவாகிறது. தப்பித்துச் செல்லும் எண்ணெய் ஆற்றின் மேல் மெல்லிய ஏடாகப் படர்ந்து, காற்றில் உள்ள உயிர்வளி நீருக்குள் இறங்குவதைத் தடுக்கிறது. அந்த எண்ணெயைச் சிதைக்க முயலும் நுண்ணுயிர்கள் நீரில் எஞ்சியிருக்கும் உயிர்வளியையும் பயன்படுத்திக்கொள்கின்றன. மீன்களுக்கு மூச்சு முட்டுகிறது.

பல பழைய வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கழிவறை நீர் மட்டுமே கழிவுநீர்த் தொட்டிக்குச் செல்லும். சமையலறை நீரும் துணி துவைத்த நீரும் நேராக வீட்டுக்குப் பின்னால் உள்ள மழைநீர்க் கால்வாயில் விழும். அந்தக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. சாலையோர ஒட்டுக்கடைகள் பலவற்றின் நிலையும் இதுவே. புதிய குடியிருப்புகளில் இரண்டும் ஒரே கழிவுநீர்க் குழாயில் சேர்வதுண்டு. உங்கள் வீடு எந்த வகை என்பதைக் கண்டறிவது எளிது. சமையலறையில் ஒருவர் நீரைத் திறந்துவிடட்டும். மற்றொருவர் பின்புறக் கால்வாய் அருகே நின்று பார்க்கட்டும்.

எண்ணெய்க்குரிய வழி கடினமானதன்று. ஆறிய எண்ணெயை வடிகட்டி ஒரு பழைய போத்தலில் ஊற்றி மூடி வைக்கலாம். பயன்படுத்திய சமையல் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அதிலிருந்து வாகனங்களுக்கான உயிரி எரிபொருள் தயாரிக்கப்படுகிறது. ஒரு வீட்டில் ஒரு போத்தல் நிறைய பல வாரங்கள் ஆகலாம். அடுக்குமாடியின் ஒரு தளத்தில் உள்ள வீடுகள் ஒரே தோம்பில் சேர்த்தால் விற்பதற்குப் போதுமான அளவு விரைவில் சேர்ந்துவிடும். மீன் குழம்புச் சட்டியைக் கழுவுவதற்கு முன் பழைய நாளிதழால் துடைத்துவிடுவது இன்னும் எளிது. துடைத்த தாள் குப்பைக்குப் போகும், கால்வாய்க்குப் போகாது. துவைக்கும் தூளையும் பொட்டலத்தில் குறித்துள்ள அளவுக்கு மேல் போடத் தேவையில்லை. நுரை கூடினால் அழுக்கு கூடுதலாகப் போகும் என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து தொடரும் தவறான எண்ணம்.

எண்ணெய்க்கு அடுத்ததாக நான் முதலிடம் தருவது உணவுக் கழிவுக்கு. நெகிழி உறிஞ்சுகுழாய்க்கு அன்று. நெகிழியைப் பற்றிப் பள்ளியில் நிறையப் பேசுகிறோம், சுவரொட்டி வரைகிறோம். தேவைதான். ஆனால், மலேசிய வீடுகளின் குப்பைப் பைகளைத் திறந்து ஆராய்ந்தபோது, 2012ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஏறக்குறைய 45 விழுக்காடு உணவுக் கழிவாக இருந்தது. சோறு, காய்கறித் தோல், மீன் செதில், தேங்காய்ச் சக்கை. இவை குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அது புவியின் வெப்பத்தைக் கூட்டும் வாயு. அத்துடன், ஈரக் குப்பையிலிருந்து அம்மோனியா நிறைந்த நீர் கசிகிறது. சிலாங்கூரின் குப்பைமேடுகளுள் ஒன்று நமக்கு அண்டை மாவட்டமான கோலா லங்காட்டில், தஞ்சோங் டுவா பெலாசில் இருக்கிறது. அங்கே கசியும் நீரைச் சுத்திகரித்தாக வேண்டும். நாம் அனுப்பும் ஈரக் குப்பை குறைந்தால் அந்த வேலையும் குறையும்.

தரைவீட்டில் இருப்பவர்கள் தோட்டத்தின் ஒரு மூலையில் குழி வெட்டி, காய்கறித் தோலையும் காய்ந்த இலைகளையும் அடுக்கடுக்காகப் போட்டு மண்ணால் மூடலாம். தாமான் பெர்மாத்தா போன்ற அடுக்குமாடிகளில் அதற்கு இடமில்லை. பெரிய பூச்சட்டியில் செய்யலாம். ஆனால், மீனும் இறைச்சியும் சேர்த்தால் நாற்றமும் ஈயும் வரும், அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள். அடுக்குமாடிக்கு இதைவிடச் சிறந்த வழி, உண்ணும் அளவுக்குச் சமைப்பது. மீந்த சோற்றுக்கு நம் வீடுகளில் வழியா இல்லை? பழைய சோறு உண்டு. மறுநாள் காலை நாசி கோரெங் உண்டு. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகலாம்.

தாமான் பெர்மாத்தாவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இன்றைய புத்ராஜெயா ஒரு காலத்தில் தோட்டப்புறமாக இருந்தது. பெராங் பெசார், மெடிங்லி, கெலவே, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், நிர்வாகத் தலைநகர் உருவானபோது டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுடைய தோட்ட வாழ்க்கையில் எதுவும் எளிதில் குப்பையாகவில்லை. பால்மாவு டின் அரிசி அளக்கும் பாத்திரமாயிற்று. கிழிந்த சேலை தொட்டிலாயிற்று. கடைக்குப் போக ரோத்தான் கூடை இருந்தது. இதைச் சுற்றுச்சூழல் பற்று என்று நாம் இன்று புகழ்ந்துவிடக் கூடாது; கையில் காசு இல்லாததால் வந்த பழக்கம் அது. இருந்தாலும், அந்தக் கைத்திறன் இன்னும் பாட்டி, தாத்தாக்களிடம் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் புத்ராஜெயாவுக்கும் டெங்கிலுக்கும் இடையில் ஒரு விந்தையான எல்லைக்கோடு உண்டு. 2015 செப்டம்பர் 1 முதல் புத்ராஜெயா உட்பட நாட்டின் பல மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டப்படி கட்டாயமாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் மற்றக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் எடுக்கப்பட்டன. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு நிர்வாகச் சட்டத்தைச் சிலாங்கூர் அப்போது ஏற்றிருக்கவில்லை. ஆகவே, சில கிலோமீட்டர் தொலைவில் சட்டமாக இருந்தது, டெங்கிலில் அவரவர் விருப்பமாக இருந்தது. யாரும் அபராதம் போடமாட்டார்கள் என்ற நிலையிலும் ஒருவர் குப்பையைப் பிரிக்கிறார் என்றால், அது அவரே எடுத்த முடிவு.

பிரிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குழம்பு ஒட்டிய காகிதமும் கழுவாத தயிர் டப்பாவும் மறுசுழற்சிக்கு உதவா. அவை உடன் கிடக்கும் நல்ல காகிதத்தையும் கெடுக்கும். ஆகவே, சற்றே அலசி, உலர்த்தி, பிறகு போட வேண்டும். நீலத் தொட்டி காகிதத்துக்கு, பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு, ஆரஞ்சுத் தொட்டி நெகிழிக்கும் உலோகத்துக்கும். தொட்டி அருகில் இல்லையென்றால், ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் லாரி இருக்கிறது. அவர் பழைய நாளிதழோடு இரும்பையும் அலுமினியக் குவளையையும் வாங்கிக்கொள்வார்.

நெகிழிப் பையைப் பொறுத்தவரை, சிலாங்கூரில் முடிவெடுக்க ஓர் உந்துதல் கொடுக்கப்பட்டது. 2010 ஜனவரி 1 முதல் சனிக்கிழமைகள் நெகிழிப் பையில்லா நாள்களாயின. அந்த நாளில் பை வேண்டுமென்றால் 20 சென் கொடுக்க வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இது எல்லா நாள்களுக்கும் விரிந்தது. உணவுப் பொட்டலத்துக்குப் பயன்பட்ட வெள்ளை நிறப் பாலிஸ்டிரீன் பெட்டிகளுக்கும் தடை வந்தது. 20 சென் பெரிய தொகையன்று. ஆயினும், முகப்பில் நின்று ‘பை வேண்டுமா?’ என்று கேட்கப்படும் அந்த ஒரு நொடி நம்மை யோசிக்க வைக்கிறது. பாசார் மாலாமில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்பதற்குள் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே, ‘பை வேண்டாம் அண்ணே’ என்று நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

சிலர் வழிபாட்டில் பயன்படுத்திய மாலைகளையும் ஈமச் சடங்குப் பொருள்களையும் நெகிழிப் பையில் கட்டி, அப்படியே ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். பூவும் இலையும் மட்கும். பையும் செயற்கைத் துணியும் மட்கா. சடங்கை நிறுத்த வேண்டியதில்லை. பையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாலே போதும். 2021 டிசம்பரில் பெருமழையால் லங்காட் ஆறு கரை புரண்டு டெங்கிலின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நீர் வடிந்தபின் சேற்றோடு வீடுகளுக்குள் கிடந்த நெகிழிப் பொருள்களைக் கண்டவர்களுக்கு, ஆற்றில் விட்டது ஆற்றோடு போய்விடுவதில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

நியாயமான கேள்வி ஒன்றை இங்கே கேட்கலாம். ‘தொழிற்சாலைகள் அல்லவா ஆற்றைக் கெடுக்கின்றன? நான் ஒரு கரண்டி எண்ணெயைக் கொட்டாமல் இருப்பதால் என்ன ஆகிவிடும்?’ கேள்வியில் உண்மை இருக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் தொழிற்சாலைக் கழிவு ஆற்றில் கலந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. ஆயிரம் சமையலறைகள் கூடினாலும் ஒரே நாளில் அப்படிச் செய்துவிட முடியாது. அதைத் தடுப்பது சட்டத்தின் வேலை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அதற்காகவே இருக்கிறது. பழைய குழாய்களில் கசிவது உட்பட, சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கட்டணக் கணக்கில் சேராமலே போகிறது. அதைச் சரிசெய்வதும் வீட்டாரின் வேலையன்று.

ஆனால், ஆற்றை ஒரு வாளியாக எண்ணிப் பாருங்கள். ஆறு ஓரளவு அழுக்கைத் தானே சிதைத்துத் தூய்மைப்படுத்திக்கொள்ளும். அந்த அளவுதான் வாளியின் கொள்ளளவு. ஆயிரக்கணக்கான வீடுகள் நாள்தோறும் அனுப்பும் எண்ணெயும் சோறும் சவர்க்காரமும் வாளியை ஏற்கனவே பெருமளவு நிரப்பிவிடுகின்றன. பிறகு மழை பொய்க்கும்போது வாளியே சுருங்குகிறது. அந்த நேரத்தில் மேற்பகுதியில் யாரோ சிறிதளவு கொட்டினாலும் அது நிரம்பி வழிகிறது. 2014இல் லங்காட் ஆற்றில் நடந்தது ஏறக்குறைய இதுதான். தொழிற்சாலையின் தவறு ஒரு நாள் நிகழ்ச்சி. சமையலறையோ வருடத்தின் 365 நாளும் இயங்குகிறது.

தண்ணீரைச் செலவழிப்பதிலும் இதே கணக்குதான். மலேசியர் ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 200 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 30,000 லிட்டர் ஆகிறது. அதாவது 30 கன மீட்டர். 2008இல் சிலாங்கூர் மாநிலம் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதந்தோறும் 20 கன மீட்டர் நீரை இலவசமாக வழங்கத் தொடங்கியது. பின்னர் அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என மாறியது. இலவசமோ, கட்டணமோ, வறட்சிக் காலத்தில் ஆற்றிலிருந்து நாம் எடுக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் ஆற்றில் எஞ்சியிருக்கும் நீரைக் குறைக்கிறது. நீர் குறைந்தால் அழுக்கின் செறிவு கூடும். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்று ஆசிரியர் சொல்வது பழகிப்போன அறிவுரையாகத் தோன்றலாம். ஒருமுறை குழாயின் கீழ் வாளியை வைத்துப் பல் துலக்கிப் பாருங்கள். வாளியில் சேர்ந்த நீரின் அளவு பலரை வியக்க வைக்கும்.

டெங்கிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஊருக்கு அருகில் பாயா இண்டா ஈரநிலப் பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் ஈயமும் மணலும் தோண்டி எடுக்கப்பட்டு, பள்ளமும் மேடுமாய்க் கைவிடப்பட்ட நிலம் அது. பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாயின. தாமரை முளைத்தது, நாணல் வளர்ந்தது, பறவைகள் வந்தன. இன்று வனவிலங்குத் துறை அதைப் பராமரிக்கிறது. காலையில் சென்றால் நாரைகளையும் நீர்க்கோழிகளையும் காணலாம். ஈரநிலத்துச் செடிகள் நீரில் உள்ள சத்துகளை உறிஞ்சி, சேற்றைத் தேக்கி வைத்துத் தெளிந்த நீரை வெளிவிடுகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தின் வேலையில் ஒரு பகுதியைச் சம்பளமில்லாமல் செய்கின்றன. அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கே செல்லும்போது, திரும்பும் வழியில் லங்காட் ஆற்றுப் பாலத்திலும் சற்று நின்று, இரண்டு இடத்து நீரின் நிறத்தையும் மணத்தையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.